பூசை போனில வந்தா கோயில் எங்கை?

பாசையூரான் (சனி, இரவு 9.12)

எல்லாருக்கும் வணக்கம். கன நாளா மனசுக்குள்ள கிடந்து குடையிற விசயம் ஒண்டு. இஞ்சை வேதக்காரர் எல்லாப் பக்கத்தாலயும் இருக்கிறியள், ஒண்டிலயும் சேராத ஆக்களும் இருக்கிறியள், அதால தான் போடுறன், சண்டை பிடிக்காம சொல்லுங்கோ.

அம்மாவுக்கு 78. மூண்டு வருசத்துக்கு முதல் கிணத்தடியில சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு வெடிச்சு ஒப்பரேசன் செய்தது, அதுக்குப் பிறகு கட்டிலும் கதிரையும் தான். அந்தோனியார் கோயில் மணி எங்கட வீட்டுக்கு வடிவாக் கேக்கும், எண்டாலும் அந்த நாலு ஒழுங்கையை அவவால தாண்டேலாது. ஞாயிறு விடிய போனை செம்பில சாத்தி நிப்பாட்டி மெழுகுதிரி கொளுத்தி வைச்சு லைவ்ல பூசை காண்பா. சுவிசேசம் வாசிக்கேக்க நான் சரிஞ்சு கிடந்தா 'எழும்படா' எண்டு பேச்சு விழும். அவவால எழும்பேலாது, அதால அவவுக்கும் சேத்து நான் எழும்ப வேணும்.

ஒருநாள் எழுந்தேற்ற நேரம் பாத்து டேட்டா முடிஞ்சுது. சுவாமி அப்பத்தைத் தூக்கின கையோட ஸ்கிறீன் இறுகிப்போய் நிக்குது. நான் கடைக்கு ஓடி ரீலோட் போட்டுக்கொண்டு வர ஒரு பத்து நிமிசம் போயிருக்கும், வந்து பாத்தா மனிசி குனிஞ்ச தலை நிமிரேல்லை. என்னம்மா எண்டு கேக்க, 'சுவாமி இன்னும் கையை இறக்கேல்லையடா' எண்டா. நான் சிரிச்சுப்போட்டன். பேந்து யோசிக்க சிரிப்பு வரேல்லை.

மற்றது, 2020 ஊரடங்கில தொடங்கின செபமாலைக் குறூப் ஒண்டு இருக்கு. சனி ஞாயிறு எங்கட நேரம் இரவு 7.30, ரொறன்ரோவில அப்ப காலமை 9 மணி, பாரிசில பின்னேரம் 3. மொத்தம் பதினொரு பேர், எல்லாம் சொந்தமும் பழைய அயலும். போன கிழமை ஒரு சுவாமி பிரசங்கத்தில சொன்னார், போனில பூசை பாக்கிறது சோத்துப் படத்தைப் பாத்து வயிறு நிரப்புற மாதிரியாம். அம்மா அதையும் போனில தான் கேட்டவ. ஒண்டும் சொல்லேல்லை, மெழுகுதிரியை ஊதி நூத்துப்போட்டு திரும்பிப் படுத்திட்டா.

இப்ப என்ர கேள்வி. நாங்கள் பதினொரு பேரும் ஒரு சபையோ, இல்லாட்டி பதினொரு போனோ?

நாவாந்துறை நண்டு (சனி, இரவு 9.31)

பதினொரு போன் :)

கோவிக்காதையுங்கோ அண்ணை, அம்மாவைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை, அவ வருத்தக்காரி, அவவுக்கு வேறை கணக்கு. நான் சொல்லுறது கால் கை வடிவா இருந்துகொண்டு கட்டிலில கிடந்து பூசை காணுற கூட்டத்தை. கோயில் எண்டா என்ன, கொடியேற்றத்துக்கு மரம் தூக்கிற தோள், சொரூபம் தூக்கேக்க பக்கத்தில நிக்கிறவன்ர வேர்வை, பூசை முடிய வாசலில நிண்டு 'என்னடா மீன் பட்டதோ' எண்டு கேக்கிற கதை. கச்சதீவுக்குப் போனவை சொல்லுங்கோ பாப்பம், குறிகட்டுவானில இருந்து வள்ளத்தில சத்தி எடுத்துக்கொண்டு போய் மணலில ஒரு இரவு படுத்தெழும்பி, அங்கால இராமேஸ்வரத்துப் பக்கத்தால வந்தவனோட தேத்தண்ணி குடிச்சு, விடிய பூசை கண்டு திரும்பி வாறது. அதை லைவ்ல பாத்தா என்ன வரும்? சத்தி கூட வராது.

மானிப்பாய் மருமகள் (சனி, இரவு 9.50)

நண்டுத் தம்பி, கால் கை வடிவா இருக்கிறவைக்குத் தான் உந்தக் கதை எல்லாம் லேசா வரும். எங்கட பக்கத்துக் கோயிலுக்கு ஏழு படி. வீல்செயர் ஏத்த ஒரு சாய்தளம் இல்லை, கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போச்சு. என்ர அவர் ஸ்ரோக் வந்த ஆள், நாலு பெடியள் தூக்கி ஏத்தினவை, ரெண்டாம் முறை அவர் 'எனக்கு வெக்கமாக்கிடக்கு, விடு' எண்டிட்டார். அவ்வளவும் தான், அதோட நிண்டது.

பாசையூர் அண்ணை, அம்மாவிட்டைச் சொல்லுங்கோ, அசிசி கிளாரம்மாவும் வருத்தமாக் கிடந்து பூசைக்குப் போகேலாம இருந்தவ தான், ஒரு திருநாள் பூசை அவவின்ர அறைச் சுவரிலயே தெரிஞ்சது எண்டு சொல்லுவினம். அதை வைச்சுத் தான் 1958ல பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவவை ரிவிக்குப் பாதுகாவலி ஆக்கினவர். மெழுகுதிரியைத் திருப்பிக் கொளுத்தச் சொல்லுங்கோ.

வட்டு மாஸ்ரர் (சனி, இரவு 10.40)

நான் சீஎஸ்ஐ, அதாவது தென்னிந்திய திருச்சபை, ஓய்வு பெற்ற வாத்தி, நீட்டித் தான் எழுதுவன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல் ஒண்டைப் பாருங்கோ. புதிய ஏற்பாட்டில பாதிக்கு மேற்பட்ட புத்தகம் கடிதம். பவுல் எண்டவர் இல்லாத இடத்தில இருக்கிறதுக்கு அந்தக் காலத்து வழி அது. கொலோசெயருக்கு எழுதேக்க சரீரத்தில தூரமா இருந்தாலும் ஆவியில உங்களோட இருக்கிறன் எண்டு 2ம் அதிகாரத்தில சொல்லுறார், அந்தச் சபையை அவர் கண்ணால கண்டதே இல்லை. நூற்றுக்கு அதிபதியின்ர வேலைக்காரனைக் கர்த்தர் வீட்டுக்குப் போகாமலே சுகமாக்கினவர். அப்ப தூரம் எண்டது கடவுளுக்கு ஒரு தடை இல்லை, அது சரி.

ஆனா இரண்டாம் யோவானை எடுங்கோ, மொத்தம் 13 வசனம். அதில 12ம் வசனத்தில சொல்லுறார், எழுத எவ்வளவோ கிடக்கு, காகிதத்தாலயும் மையாலயும் எழுத மனமில்லை, முகமுகமாக் கதைக்கலாம் எண்டு நம்புறன் எண்டு. மூண்டாம் யோவானும் அதே கதையோட தான் முடியுது. அதாவது கடிதம் எழுதினவருக்கே கடிதம் காணாது. கடிதம் பொய் எண்டு சொல்லேல்லை, காணாது எண்டு தான் சொல்லுறார். எனக்கு சூமும் அப்பிடித் தான். மை.

இதில எங்கட ஊருக்கு அனுபவம் இல்லை எண்டு நினைக்காதையுங்கோ. அமெரிக்க மிசன் 1816ல வந்து, 1841ல உதயதாரகை எண்டு பத்திரிகை தொடங்கினவை, அது தமிழிலயும் இங்கிலீசிலயும் வந்தது, அதில கிறிஸ்தவரும் சைவரும் ஆளையாள் முகம் காணாமலே வாதாடினவை. அச்சில எழுதி அடிபட்ட ஊர் தான் இது. ஆனா திருவிருந்தை உதயதாரகையில வைச்சு ஆரும் அனுப்பேல்லை.

குறுக்கால போவான் (ஞாயிறு, விடிய 6.05)

மாஸ்ரர் மையைப் பற்றிச் சொல்லுறார், நான் காசைப் பற்றிச் சொல்லுறன். ஒன்லைன் சபை ஒன்லைன் சபை எண்டு இஞ்சை என்ன நடக்குதெண்டு தெரியுமோ. என்ர மச்சாள் ஒருத்தி, பிள்ளையில்லை, ஆரோ ஒரு போதகர் பேஸ்புக் லைவ்ல பேர் சொல்லிக் கூப்பிட்டு உனக்கு வாற வருசம் பிள்ளை எண்டவராம், கீழ வங்கிக் கணக்கு இலக்கம் ஓடிக்கொண்டிருக்கும். தோட்டை அடகு வைச்சு அனுப்பினாள். அதுக்குப் பிறகு இவள் என்ன எழுதினாலும் நீலச் சரி விழும், ஒரு 'ஆமென்' வரும், அவ்வளவு தான். பிள்ளையுமில்லை தோடுமில்லை. ஆளை ஒருநாளும் நேரில கண்டதில்லை. ஊருக்குள்ள ஒரு போதகர் உப்பிடிச் செய்தா ஞாயிற்றுக்கிழமை வாசலில வைச்சுச் சட்டையைப் பிடிக்கலாம். ஸ்கிறீனில எந்தச் சட்டையைப் பிடிக்கிறது?

நாவாந்துறை நண்டு (ஞாயிறு, காலமை 8.20)

வாசல் எண்டது எவ்வளவு பெரிய விசயம் பாத்தியளோ.

கடைசி வாங்கு (ஞாயிறு, காலமை 10.15)

வாசல் வாசல் எண்டு எல்லாரும் உருகிறியள். அந்த வாசலைப் பற்றி நானும் ஒண்டு சொல்லட்டோ.

என்ர பேரைப் பாருங்கோ, விளங்கும். நான் சின்னனில போன கோயிலில எங்கட ஆக்கள் எங்கை இருக்கிறதெண்டு எங்கையும் எழுதி ஒட்டேல்லை, ஆனா எல்லாருக்கும் தெரியும். அப்பு சாகு மட்டும் கடைசி வாங்கில தான் இருந்தவர். ஒருக்கா நான் முன்னுக்குப் போய் இருந்தன், பத்து வயசிருக்கும், ஆரும் ஒண்டும் சொல்லேல்லை, பக்கத்தில இருந்த மனிசி சீலையை ஒதுக்கிக்கொண்டு எழும்பி அங்காலை போய் இருந்தா. அவ்வளவு தான் நடந்தது. 1930 அளவில பள்ளிக்கூடங்களில சம ஆசனம், எல்லாச் சாதிப் பிள்ளையளும் ஒரே வாங்கில இருக்கிறது, எண்டு வந்தோண்ண பள்ளிக்கூடங்களையே கொளுத்தின ஊர் இது, கோயில் மட்டும் வானத்தால விழுந்ததோ.

இப்ப நான் இருக்கிறது வேறை இடம். ஒரு வேத வாசிப்புக் குறூப்பில இருக்கிறன், சூமில தான், அதில முன் வாங்கும் இல்லை பின் வாங்கும் இல்லை, கட்டங்கள் தான், என்ர கட்டமும் மற்றவையின்ர கட்டமும் ஒரே அளவு. ஆரும் எழும்பி அங்காலை போகேலாது, போனா வெளியில தான் போகவேணும். முதல் நாள் அதைப் பாத்துக்கொண்டே இருந்தன். பிரசங்கம் என்னெண்டு கேட்டா எனக்குத் தெரியாது.

உடம்பு வேணும், உடம்பு வேணும் எண்டு சொல்லுறவை, ஆற்றை உடம்பு எண்டதையும் ஒருக்கா யோசியுங்கோ.

அட்மின் (ஞாயிறு, காலமை 10.50)

ஊர்ப் பேர், கோயில் பேர், சாதிப் பேர் சொல்லித் தாக்கிற பதிவுகள் வந்தா தூக்குவன், முதலே சொல்லிப்போட்டன். இது வரைக்கும் ஆரும் அப்பிடி எழுதேல்லை, நன்றி. கதையுங்கோ.

வட்டு மாஸ்ரர் (ஞாயிறு, பின்னேரம் 2.30)

கடைசி வாங்கு தம்பிக்கு. நீர் சொன்னதை வாசிச்சுப்போட்டு ஆராதனைக்குப் போனனான். போய் இருந்து ஆர் எங்கை இருக்கினம் எண்டு முதன்முதலா எண்ணிப் பாத்தன். வேறை ஒண்டும் நான் எழுதேல்லை.

ஒண்டு மட்டும். கொரிந்து சபையிலயும் இதே வருத்தம் தான். இருக்கிறவன் முந்திச் சாப்பிட்டு வெறிச்சுப் போறான், இல்லாதவன் பசியோட நிக்கிறான், அதுக்குத் தான் பவுல் 11ம் அதிகாரத்தில பேசுறார். எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தும் அது கர்த்தருடைய பந்தி இல்லை எண்டிட்டார். அப்ப ஒரு கூரை இருந்தால் மட்டும் சபை ஆகிடாது எண்டதுக்கு வசனம் இருக்கு. கடைசியில அவர் சொல்லுற பரிகாரம் சின்னன், சாப்பிடக் கூடினா ஆளுக்காள் காத்திருங்கோ எண்டுறது.

பாசையூரான் (ஞாயிறு, பின்னேரம் 3.10)

மாஸ்ரர் அந்தக் காத்திருக்கிறது எண்ட சொல் எனக்கு வடிவாப் பிடிச்சிட்டுது. ஸ்கார்பரோவில இருக்கிற பெரியம்மாவுக்கு 81, அவவுக்கு லிங்க் அமத்த நேரம் எடுக்கும், அவவின்ர கட்டம் வந்து, முதல் நெத்தி தெரிஞ்சு, பேந்து மோட்டு வளை தெரிஞ்சு, பேந்து முகம் வரும் மட்டும் நாங்கள் தொடங்கிறேல்லை. ஒவ்வொரு கிழமையும் அஞ்சு பத்து நிமிசம். பெடியள் முணுமுணுப்பாங்கள். ஆனா ஒருநாளும் அவ இல்லாமத் தொடங்கினதில்லை.

டைனமோ (ஞாயிறு, இரவு 8.45)

நான் கொஞ்சம் வயசு போன ஆள், பேரைப் பாத்துச் சில பேருக்கு விளங்கியிருக்கும். தொண்ணூறுகளில இஞ்சை கறண்ட் இல்லை, பற்றரி தடை, வெரித்தாஸ் வானொலி பிலிப்பைன்சில இருந்து சிற்றலையில தமிழ் ஒலிபரப்புச் செய்யும். நாங்கள் சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவில வயர் இழுத்து ரேடியோவுக்குக் குடுத்துப்போட்டு ஒருத்தர் கையால பெடலைச் சுத்துவம். கத்தோலிக்கர் எண்டில்லை, அயலில இருக்கிற சைவச் சனமும் வந்து குந்தும், செய்திக்குத் தான் வாறது, ஆனா செபமும் பாட்டும் முடியு மட்டும் ஆரும் எழும்பாயினம்.

சுத்துறவனுக்கு ஒண்டும் கேக்காது, ரயர் இரையிற இரைச்சல். அவனுக்காக முன்னால இருக்கிறவை கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்லுவினம். 'நவாலிக் கதை சொல்லுறான்' எண்டு எனக்கு அப்பிடித் தான் சொன்னவை. 1995 யூலை 9, இராயப்பர் கோயிலில அகதியாப் போய் இருந்த சனத்துக்கு மேல குண்டு போட்டு நூறுக்கு மேல செத்த கதை. எங்களுக்கு அந்தச் சத்தம் நேரில கேட்டது, ஆனா என்ன நடந்ததெண்டு மணிலாவில இருந்து தான் தெரிய வந்தது. அதையும் யோசிச்சுப் பாருங்கோ.

அப்ப எது சபை, மணிலாவில இருந்து வந்த குரலோ, முத்தத்தில குந்தியிருந்த சனமோ? எனக்கு இப்பவும் தெரியேல்லை. ரெண்டில ஒண்டு இல்லாட்டி மற்றது இல்லை எண்டு மட்டும் தெரியும்.

சில்லாலைப் பேரன் (ஞாயிறு, இரவு 9.30)

டைனமோ ஐயாவின்ர கதைக்குப் பக்கத்தில எங்கட ஊர்க் கதையையும் வைக்கிறன். 1658ல ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடிச்சோண்ண கத்தோலிக்கக் குருக்கள் நாட்டுக்குள்ள இருக்கேலாது. 1687ல யோசேப்பு வாஸ் அடிகளார் கூலியாள் வேசத்தில வந்து சேரு மட்டும், பாருங்கோ, ஏறக்குறைய 30 வருசம். ஒரு தலைமுறை. பூசை இல்லை, நற்கருணை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. வந்த மனிசன் ஆர் கத்தோலிக்கர் எண்டு கண்டுபிடிக்கக் கழுத்தில செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாப் பிச்சை எடுத்தவர். பேந்து சில்லாலையில வந்து இருந்து, இரவில இரவில பூசை. 2015 தை 14 அவரைப் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில புனிதர் ஆக்கேக்க எங்கட ஆச்சி ரிவிக்கு முன்னால முழங்காலில இருந்தவ.

குருவும் இல்லை கோயிலும் இல்லை எண்டு 30 வருசம் இருந்த சனத்தைச் சபை இல்லை எண்டு ஆர் சொல்லுவினம்?

நாவாந்துறை நண்டு (ஞாயிறு, இரவு 9.44)

தம்பி அந்தச் சனம் பக்கத்துப் பக்கத்து வீட்டில இருந்தது. உடைஞ்ச வேலியால சட்டி மாறின சனம். உதை ஒன்லைனுக்குச் சாட்சியாக் கொண்டு வராதையும்.

மற்றது எங்கட திருச்சபை இதில ஒளிச்சுப் பேசேல்லை. 2002லயே வத்திக்கான் இணையத்தைப் பற்றி ஒரு ஏடு விட்டது, இணையத்தில திருவருட்சாதனம் இல்லை எண்டு அப்பவே நேராச் சொல்லியாச்சு. 2023ல இன்னொண்டு விட்டது, அதில ஸ்கிறீனுக்குள்ளால ஒரு சாப்பாட்டைப் பங்கிடேலாது எண்டு கிடக்கு. ஞானஸ்நானத்துக்குத் தண்ணி தலையில பட வேணும், நோயில்பூசுதலுக்கு எண்ணெய் நெத்தியில பட வேணும். போனுக்கு எண்ணெய் பூசினா போன் தான் பழுதாகும்.

மானிப்பாய் மருமகள் (ஞாயிறு, இரவு 10.02)

சாதனம் வேறை சமூகம் வேறை தம்பி. போனில நற்கருணை வரும் எண்டு இஞ்சை ஆரும் சொல்லேல்லையே. அதைவிட நீங்களும் ரிவியில பூசை கண்டனீங்கள் தான், மறக்காதையுங்கோ. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு, சித்திரை 28, நாடு முழுக்க ஞாயிறு பூசை நிப்பாட்டி, கர்தினால் தன்ர இல்லத்தில வைச்சுச் செய்த பூசையைத் தான் எல்லாரும் ரிவியில பாத்தது. கொரோனாவுக்கு ஒரு வருசத்துக்கு முதலே எங்களுக்கு அது பழகிப்போச்சு. அண்டைக்கு எங்கட வீட்டில ஒரு சத்தம் இல்லை. சமாதானம் சொல்லுற நேரம் என்ர அவர் வழங்கிற கையை நீட்டி என்ர கையைப் பிடிச்சார். வீட்டுக்குள்ள நாங்கள் ரெண்டு பேரும் அப்பிடிச் சமாதானம் சொன்னது அது தான் முதல் தரம், கலியாணம் கட்டி 31 வருசம்.

பெயர் வேண்டாம் (திங்கள், இரவு 12.20)

நான் இஞ்சை வாசிக்கிறது மட்டும் தான், எழுதிறேல்லை. எங்கட வீடு சைவம். நல்ல சைவம், நல்லூர்க் கொடியேறினா 25 நாளும் மச்சம் இல்லை, நான் அம்மாவோட தேருக்குப் போவன், எனக்கு அதில ஒரு வெறுப்பும் இல்லை. ஆனா ஒண்டரை வருசமா ஒரு வேதாகமக் குறூப்பில இருக்கிறன், புதன் இரவு 10 மணி, ஆறு பொம்பிளையள். ஹெட்செட் போட்டுக்கொண்டு கமராவை நூத்துப்போட்டு இருப்பன். வாய் திறந்து செபிக்கேலாது, பக்கத்து அறையில அப்பா. ரைப் பண்ணுவன். மற்றவை அதை எனக்காகச் சத்தமா வாசிப்பினம். என்ர செபத்தை நான் மற்றவையின்ர குரலில தான் கேட்டிருக்கிறன்.

போன வருசம் பரீட்சை எண்டு நாலு மாசம் போகேல்லை. அதில ஒரு அக்கா ஒவ்வொரு புதனும் ஒரு வரி அனுப்புவா, 'இண்டைக்கு 23ம் சங்கீதம்', 'இண்டைக்கு லூக்கா 15', அவ்வளவு தான். ஏன் வரேல்லை எண்டு ஒருநாளும் கேக்கேல்லை. நாலு மாசம் கழிச்சுப் போன அண்டைக்கு எல்லாரும் ஏதோ நான் போன கிழமையும் வந்த மாதிரி இருந்தவை.

நான் கோயில் வாசலுக்கு வந்தா அடுத்த நாள் ஊருக்கே தெரியும். அப்ப நண்டு அண்ணை, நான் உங்களுக்கு ஆர்? நானும் ஒரு போனோ?

நாவாந்துறை நண்டு (திங்கள், விடிய 5.15)

தங்கச்சி, தொழிலுக்குப் போகேக்க வள்ளத்தில வைச்சு வாசிச்சன். நான் முதல் எழுதினது பகிடிக்கு. அது பிழை.

ஆனா மனசில பட்டதைக் கேக்கிறன், கோவிக்காதை. உனக்கு ஒரு காய்ச்சல் வந்து படுத்தா, அந்த ஆறு பேரில ஆர் வந்து கஞ்சி வைச்சுத் தருவினம்?

பெயர் வேண்டாம் (திங்கள், காலமை 7.40)

அம்மா வைச்சுத் தருவா. அம்மா சைவம் தான்.

டைனமோ (திங்கள், காலமை 9.00)

ம்.

கடைசி வாங்கு (திங்கள், பின்னேரம் 6.30)

இந்த இழையில இது வரைக்கும் வந்த வரியளில பெரிய வரி அது தான். தங்கச்சி, மாஸ்ரரின்ர மை கதையை மட்டும் மறக்காதையும். எனக்கும் கட்டங்கள் போதும் எண்டு தான் இருந்தது. போன மாசம் அந்தக் குறூப்பில ஒருத்தர், கிளிநொச்சிக்காரர், தாய் செத்தவீடு. எல்லாரும் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' எண்டு போட்டம், நானும் போட்டன். பேந்து இருப்புக் கொள்ளேல்லை, விடிய பஸ் ஏறிப் போனன். அவர் என்னைக் கண்டோண்ண ஆள் மட்டுப் பிடிக்கேல்லை, நான் இவ்வளவு கட்டை எண்டு அவருக்குத் தெரியாது, கட்டத்துக்குள்ள எல்லாரும் ஒரே உயரம் தானே. பேந்து பிடிச்சுக்கொண்டு அழுதார். பெட்டி தூக்க ஒரு ஆள் குறைவாக்கிடந்தது, என்னைக் கூப்பிட்டார். என்ர வாழ்க்கையில ஒரு சாவீட்டில என்னை முன்னுக்குத் தூக்கச் சொல்லிக் கூப்பிட்டது அது தான் முதல்.

குறுக்கால போவான் (திங்கள், இரவு 7.10)

சரி நான் ஒண்டு ஒத்துக்கொள்ளுறன், ஆறு பேர் பதினொரு பேர் எண்டா வேறை, ஆறாயிரம் பேர் பாக்கிற லைவ் எண்டா வேறை. அந்த லைவ்ல கண் படத்துக்குப் பக்கத்தில 6012 எண்டு நிண்டது 6011 ஆனா எவனுக்குத் தெரியும் ஆர் போனதெண்டு. என்ர மச்சாள் பாக்கிறதை விட்டு எட்டு மாசம், ஆரும் தேடேல்லை.

வட்டு மாஸ்ரர் (திங்கள், இரவு 8.00)

அதே கணக்கை ஞாயிறு ஆராதனைக்கும் போட்டுப் பாரும். எங்கட பதிவேட்டில இருக்கிற பேருக்கும் வாங்கில இருக்கிற தலைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் நேற்று எண்ணினனான். அவையையும் ஆரும் தேடேல்லை.

பாசையூரான் (அடுத்த செவ்வாய், இரவு 8.50)

ஒரு கிழமை நான் இந்தப் பக்கம் வரேல்லை, காரணம் சொல்லுறன்.

சனிக்கிழமை 7.30க்குத் தொடங்க நிக்கிறம், பெரியம்மான்ர கட்டம் வரேல்லை. பத்து நிமிசம், பதினஞ்சு நிமிசம் பாத்தாச்சு. பெடியள் தொடங்குவம் எண்டாங்கள், தொடங்கியாச்சு, முதன்முதலா அவ இல்லாம. செபமாலையின்ர மூண்டாம் பகுதி, மூண்டாம் தேவரகசியம், எப்பவும் அவவின்ரை. அந்த இடம் வரேக்க ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. சத்தம் இல்லாம அப்பிடியே கிடக்குது. அம்மா கட்டிலில இருந்து 'அக்காவுக்கு அடியடா' எண்டா. செபமாலையை அந்தரத்தில விட்டுப்போட்டு அடிச்சன், எடுக்கேல்லை. மொன்றியலில இருக்கிற மச்சாளுக்கு அடிச்சன், அவ தாய்க்கு அடிச்சுப் பாத்திட்டு, தாயோட கோயிலில பக்கத்தில இருக்கிற ஒரு பிலிப்பைன்ஸ் மனிசிக்கு அடிச்சவ. அந்த மனிசியிட்டை ஒரு திறப்பு இருக்கு. போய்த் திறந்து பாத்தா பெரியம்மா குசினியில கதிரையில குந்தியிருக்கிறா, விடிய குப்பை வாளி வைக்கப் போய் ஐசில வழுக்கி விழுந்து மணிக்கட்டு வெடிச்சுப்போச்சு, ஒருமாதிரி உள்ள வந்திட்டா, போன் மேல்மாடியில, படியேறப் பயம். ஆசுபத்திரிக்குக் கொண்டு போய் மா கட்டி, இப்ப வீட்டில இருக்கிறா. அந்த மனிசி ஒவ்வொரு நாளும் இஞ்சி போட்டுக் கோழிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வாறாவாம். உப்புக் காணாதாம், பெரியம்மா முறைப்பாடு.

நாவாந்துறை நண்டு (செவ்வாய், இரவு 9.01)

கடவுளுக்குத் தோத்திரம். ஆனா பாருங்கோ, போய்த் திறந்தது கோயிலில பக்கத்தில இருந்த உடம்பு.

மானிப்பாய் மருமகள் (செவ்வாய், இரவு 9.03)

தேடினது போன்.

கடைசி வாங்கு (செவ்வாய், இரவு 9.06)

தேடினது அம்மா.

பாசையூரான் (செவ்வாய், இரவு 9.15)

உங்கட வழக்கை நீங்கள் பிடியுங்கோ, எனக்கு அம்மாவுக்கு மருந்து குடுக்க வேணும். முதல் வெள்ளிக்கு எங்கட சுவாமி நற்கருணை கொண்டு வாறவர், அண்டைக்கு அம்மா அவருக்கு இந்தச் சோத்துப் படக் கதையைச் சொல்லப்போறாவாம், என்ன நடக்குதெண்டு எழுதிறன்.

குறூப் ஆக்கள் இஞ்சையும் ரெண்டு மூண்டு பேர் இருக்கிறியள், அதால சொல்லுறன். சனிக்கிழமை அதே லிங்க் தான், 7.30. பெரியம்மா இடக்கையால போனைப் பிடிச்சுக்கொண்டு வாறாவாம், கொஞ்சம் பிந்தும், மூண்டாம் தேவரகசியத்தை அவவுக்கு விட்டு வையுங்கோ. சொல்லாத நேரம் மைக்கை அமத்துங்கோ, போன முறை ஆற்றையோ வீட்டுக் குக்கர் விசில் நாலு தரம் அடிச்சது.